கரீபியன் கப்பலில் ஏழு இரவு: எதைச் சாப்பிடுவது, எப்போது, எப்படிக் கேட்பது

மியாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ ஏறி, ஏழு இரவு கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பலுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஏறியதும் பஃபேக்குப் போகிறார்கள். அங்கே நூறு தட்டு வரிசையாக இருப்பதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிடுகிறது, வயிறும் நிறைந்துவிடுகிறது. அடுத்த ஆறு நாளும் அதே இடம். இறங்கும்போது "கப்பல் சாப்பாடு சுமார்தான்" என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள்.

கப்பலில் நல்ல சாப்பாடு என்பது நீங்கள் சொன்ன பிறகு அடுப்பில் ஏறுவது. அது கிடைக்கும் இடங்கள் வேறு. சில பண்டங்கள் ஏழு நாளில் ஒரே ஓர் இரவுதான் வரும். சில பண்டங்கள் மெனுவிலேயே இருக்காது, வாய்திறந்து கேட்டால்தான் வரும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் கட்டிய பணத்துக்கு நிறைவாகச் சாப்பிடலாம்.

டிக்கெட்டில் எது அடக்கம்

ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்களில் மெயின் டைனிங் ரூம் (மேசையில் உட்கார்ந்து வெயிட்டரிடம் ஆர்டர் செய்து சாப்பிடும் பெரிய கூடம்), பஃபே, பீட்சா கடை, சில சாண்ட்விச் கடைகள், மேல்தளத்து ஐஸ்கிரீம் இயந்திரம் எல்லாம் டிக்கெட்டில் சேர்ந்தவை. தண்ணீர், டீ, சாதாரண காபி, எலுமிச்சைச் சாறு, ஐஸ் டீ, காலை ஜூஸ் ஆகியவற்றுக்கும் தனிக் காசு இல்லை. கோலா வகைகள், எஸ்பிரஸோ வகைக் காபி, பிழிந்து தரும் பழச்சாறு, மது ஆகியவற்றுக்குக் காசு உண்டு. கப்பலில் உங்கள் பெயரில் ஓடும் கணக்கில் அவை ஏறும், கூடவே 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணமும் சேரும். இது தெரியாமல் நாளுக்கு மூன்று கப்புசினோ குடித்துவிட்டுக் கடைசி நாளில் பில்லைப் பார்த்து அதிர்கிறவர்கள் உண்டு.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கடல்நீரைக் கப்பலிலேயே சுத்திகரிக்கிறார்கள், அல்லது துறைமுகத்தில் நிரப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் சோதிக்கப்பட்ட நீர். பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. காலியான பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேபினுக்கு வரவழைக்கும் சாப்பாட்டில், ரொட்டி, பழம், காபி என்ற எளிய காலைச் சாப்பாடு பல கப்பல்களில் இலவசம். மற்ற நேரத்தில் வரவழைத்தால் கொண்டுவரும் கூலி போடுவார்கள்.

ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதல் வேலை, இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. நிலையான நேரம் என்றால் மாலை 5:30 மணியளவில் ஒரு பந்தி, 8 மணியளவில் இன்னொரு பந்தி. நெகிழ்வான நேரம் என்றால் விருப்பப்பட்டபோது போகலாம். முதல்முறை போகிறவர்களுக்கு, அதிலும் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, நிலையான நேரம்தான் நல்லது. ஏழு இரவும் ஒரே மேசை, ஒரே வெயிட்டர். உங்களுக்கு மிளகாய் வேண்டும், வெங்காயம் வேண்டாம், சாப்பிட்டு முடிக்கும்போது தயிர் வேண்டும் என்பதெல்லாம் மூன்றாம் நாள் அவருக்கே பழகிவிடும். நெகிழ்வான நேரத்தில் ஒவ்வோர் இரவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால் முதல் பந்தி. ஆனால் தீவில் இறங்கிச் சுற்றும் நாள்களில் கப்பலுக்கு ஐந்து மணிக்குத்தான் திரும்புவீர்கள், குளித்து உடைமாற்ற அரைமணி நேரம்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது, உணவுத் தேவையைப் பதிவு செய்வது. சைவம், ஜைனம், ஹலால், கோஷர், ஒவ்வாமை என்று எதுவானாலும் முன்பதிவில் குறிப்பிடுங்கள். யூதர்களின் உணவு விதிப்படி செய்யும் கோஷர் உணவு சீல் வைத்த பொட்டலமாக வெளியிலிருந்து வருவது, அதனால் பல வாரம் முன்பே சொல்ல வேண்டும். பதிவில் எழுதியது மேசைக்கு வந்து சேராமல் போவது சகஜம். ஆகவே முதல் இரவு நேரிலும் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவது, பெட்டியில் என்ன வைப்பது என்பது. கடையில் சீல் வைத்து விற்கும் பொடி, ஊறுகாய் பாக்கெட், முறுக்கு ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். ரைஸ் குக்கர், மின்கெட்டில், தண்ணீர் காய்ச்சும் கம்பி எல்லாம் தீ ஆபத்து என்று சோதனையிலேயே எடுத்துவைத்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். ஆளுக்கு 100 கிராம் பருப்புப் பொடி போதும், ஏழு நாளைக்குத் தாராளம்.

ஏழு இரவில் பெரும்பாலும் இரண்டு ஃபார்மல் இரவுகள், அதாவது விசேஷ உடையில் சாப்பிட வரும் இரவுகள், இருக்கும். அதற்குப் பட்டுச்சேலை, சல்வார், வேட்டி சட்டை எல்லாம் பொருத்தமான உடைதான். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் போட்டால் டைனிங் ரூம் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முதல் நாள்

பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை கப்பலே பஃபேயில்தான் நிற்கும். அந்த நேரத்தில் வேறு இடத்துக்குப் போங்கள். ராயல் கரீபியனின் ஓயசிஸ் வகைப் பெரிய கப்பல்களில் நடுவே செடிகொடிகளோடு சென்ட்ரல் பார்க் என்று ஒரு திறந்தவெளி இருக்கிறது. அதில் பார்க் கஃபே. அங்கே மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி, கல்லுப்பும் சீரகம் மாதிரியான கேரவே விதையும் தூவிய பன்னில் வைத்துத் தரும் கும்மல்வெக் சாண்ட்விச்சுக்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துப் பண்டம் அது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அதே இடத்தில் சாலட்டைக் கலந்து தரச்சொல்லி வாங்கலாம்.

கார்னிவல் கப்பலென்றால் நீச்சல்குளத் தளத்தில் கைஸ் பர்கர் ஒரு பக்கம், ப்ளூ இகுவானா என்ற மெக்சிகோ வகைக் கடை இன்னொரு பக்கம். இரண்டிலும் கண்முன்னே செய்து தருகிறார்கள், இரண்டும் இலவசம். கைஸ் பர்கர் மாட்டிறைச்சி. ஹாம்பர்கர் என்ற பெயரில் ஹாம் இருப்பதால் பன்றி என்று நினைத்து ஒதுக்குகிறவர்களும், பன்றி இல்லை என்று தெரிந்ததும் கோழி என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுகிறவர்களும் உண்டு. ப்ளூ இகுவானாவில் பீன்ஸ், அரிசி, காய், ஆறேழு சட்னி வகைகளை வைத்துச் சைவமாகவே ஒரு பரிட்டோ சுருட்டித் தரச்சொல்லலாம். நம் நாக்குக்கு முதல் நாளே ஒத்துப்போகும் சாப்பாடு அது.

மதியம் முடிந்ததும் டைனிங் ரூம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிடுங்கள். வாசலில் ஹெட் வெயிட்டர்களில் ஒருவர் மேசை மாற்றம், உணவுத் தேவை ஆகியவற்றைக் கேட்டு எழுத உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரத்தில் சொல்வதைவிட இந்த நேரத்தில் சொன்னால் காதில் ஏறும்.

டைனிங் ரூமில் ஆர்டர் செய்வது

மூன்று சுற்று: முதலில் சூப்போ சாலட்டோ சிறு பண்டமோ, பிறகு முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு சூப் கேட்கலாம். முக்கிய உணவே வேண்டாம், மூன்று சிறு பண்டம் போதும் என்றும் சொல்லலாம். கார்னிவலில் ஒருவர் மூன்றாவது முக்கிய உணவு கேட்டால் அதற்கு 5 டாலர் போடுகிறார்கள். இரண்டுவரை கேள்வியில்லை.

நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு வெவ்வேறு முக்கிய உணவு, நடுவில் பகிர்ந்துகொள்ள ஐந்தாவதாக ஒன்று. தெரியாத பண்டத்தை ருசிபார்க்க இதுதான் வழி. பிடிக்கவில்லையென்றால் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு வேறு கேளுங்கள், மாற்றித் தருவார்கள். தட்டில் வீணாகிறதே என்று மனசு கேட்காதவர்கள் முன்கூட்டியே "பாதி அளவு" என்று சொல்லலாம், அதையும் செய்து தருவார்கள்.

சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரமாகும். நாடகம், பாட்டுக்கச்சேரி என்று ஏதாவது பார்க்கப் போவதானால் உட்கார்ந்ததுமே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்துபோகிறவர்கள் இழப்பது பெரும்பாலும் இனிப்பை, கப்பலில் இழக்கவே கூடாதது அதுதான்.

கட்டாயம் ருசிபார்க்க வேண்டியவை

குளிர்ந்த பழ சூப். சாப்பாட்டுக்கு முன்னால் வரும் இதை வெளியே ஹோட்டல்களில் பார்ப்பது அரிது. ஸ்ட்ராபெரி, மாம்பழம், பீச் ஆகியவற்றில் ஒன்றை அரைத்து, க்ரீமோ தயிரோ சேர்த்து, சில்லென்று கிண்ணத்தில் தருவார்கள். கெட்டியான லஸ்ஸியை ஸ்பூனால் குடிப்பது மாதிரி இருக்கும். இனிப்பை முதலிலேயே சாப்பிடுவதா என்று தயங்க வேண்டாம், வெயிலில் அலைந்துவிட்டு வந்த மாலையில் இதைப்போல வேறொன்று இல்லை. சிலவற்றில் கொஞ்சம் ரம் விடுவார்கள். குழந்தைகளுக்கென்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நத்தை. மெனுவில் எஸ்கார்கோ என்று இருக்கும். ஆறு குழி உள்ள சின்னப் பீங்கான் தட்டு வரும். ஒவ்வொரு குழியிலும் ஓடு நீக்கிய ஒரு நத்தை, மேலே பூண்டும் பார்ஸ்லியும் சேர்த்த வெண்ணெய் குமிழ்விட்டுக்கொண்டிருக்கும். மெல்லும்போது காளானுக்கும் கணவாய்க்கும் நடுவே இருக்கும், அதற்கென்று தனி வாசனை கிடையாது. நத்தையைவிட அந்த வெண்ணெய்தான் முக்கியம். மேசையில் இருக்கும் ரொட்டியைப் பிய்த்துக் குழிகளில் தோய்த்து எடுக்க வேண்டும். ஆறிப்போனால் வெண்ணெய் உறைந்து ருசி போய்விடும். அதனால் படம் எடுப்பதை இரண்டு நொடியில் முடியுங்கள்.

பிரைம் ரிப். பெரிய மாட்டு விலா இறைச்சியை எலும்போடு மெதுவாக வாட்டிச் சீவித் தருவது. வாட்டும்போதே நடுப்பகுதி இளஞ்சிவப்பாக, சுமார் 55 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி எடுத்துவிடுவார்கள். சிவப்பைப் பார்த்ததும் "நன்றாக வேகவைத்துக் கொண்டுவா" என்று திருப்பி அனுப்பினால் அந்தத் துண்டைச் சூடான குழம்பில் முக்கியோ அடுப்பில் காட்டியோ தருவார்கள், அது சாம்பல் நிறத்தில் ரப்பராக வந்து சேரும். சிவப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் "எண்ட் கட்" என்று கேளுங்கள். ஓரத்துத் துண்டு, தானாகவே வெந்திருக்கும், மசாலாப் படிந்த மேல்தோலும் அதில்தான் இருக்கும். கூட வரும் வெள்ளைச் சாஸ் ஹார்ஸ்ராடிஷ். கடுகு அரைத்ததுபோல மூக்கில் ஏறும், ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது லாப்ஸ்டர், நம் கடற்கரைக்காரர்கள் சொல்லும் சிங்கி இறால். கரீபியன் சிங்கிக்கும் தமிழ்நாட்டுக் கடலில் பிடிபடும் சிங்கிக்கும் ஒரே பேரினம், இரண்டுக்கும் பெரிய கொடுக்கு கிடையாது, சதையெல்லாம் வாலில்தான். ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டாவது ஃபார்மல் இரவில், அதாவது ஐந்தாம் ஆறாம் நாள் வாக்கில், இது வரும். அந்த இரவு டைனிங் ரூமுக்குப் போகாமல் பஃபேயில் உட்கார்ந்தால் வாய்ப்பு போய்விடும். மூன்று நான்கு இரவுப் பயணங்களில் இது வராமலும் போகலாம். ஏறிய அன்றே "லாப்ஸ்டர் எந்த இரவு?" என்று வெயிட்டரிடம் கேட்டுவையுங்கள்.

வாலை நடுவே பிளந்து, சதையை ஓட்டுக்கு மேலே தூக்கிவைத்து, மேல் சூட்டில் வாட்டித் தருவார்கள். ஓட்டிலிருந்து எடுக்கத் தெரியாவிட்டால் வெயிட்டரே முள்கரண்டியும் ஸ்பூனும் வைத்து ஒரே இழுப்பில் கழற்றிவைப்பார். உருக்கிய வெண்ணெயும் எலுமிச்சையும்தான் துணை. சிங்கி அதிகம் வெந்தால் இழுவையாகிவிடும். நூற்றுக்கணக்கான வால்களை ஒரே நேரத்தில் வாட்டுவதால் சில தட்டுகளில் அப்படி ஆவதுண்டு. வறண்டு வந்தால் மாற்றிக் கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். இரண்டாவது வாலுக்குக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு, விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கார்னிவலின் வார்ம் சாக்லேட் மெல்ட்டிங் கேக். அந்த நிறுவனத்தின் கப்பல்களில் ஒவ்வோர் இரவும் கிடைக்கும் இது, அதைத் தேடி வருகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் தனி மரியாதைக்குரியது. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வரும், மேலே லேசாகப் பொடிச் சர்க்கரை, பக்கத்தில் ஓர் உருண்டை வெனிலா ஐஸ்கிரீம். மேல்பரப்பு மெல்லிய ஓடாக இருக்கும். ஸ்பூனின் முனையால் நடுவில் தட்டினால் விரிசல்விட்டு உள்ளேயிருந்து கெட்டிக் குழம்பாகச் சாக்லேட் எட்டிப்பார்க்கும். அந்தத் துளைக்குள் வெனிலாவை இறக்கி, சூடும் குளிரும் ஒன்றாக வருகிறமாதிரி அடியிலிருந்து அள்ள வேண்டும். கார்னிவல் வெளியிட்ட செய்முறையில் நான்கு பேருக்கு டார்க் சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் சுமார் 170 கிராம், முட்டை 4, மாவோ வெறும் 55 கிராம்தான். மாவு குறைவு, சூளையில் இருப்பதும் பதினான்கு நிமிடம்தான் என்பதால் நடு இறுகுவதில்லை. ஆனால் கிண்ணத்தின் சூடு வேகவைத்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தொட்டால் சாதாரணக் கேக்காகிவிட்டிருக்கும்.

பேக்டு அலாஸ்கா கப்பல்களின் பழைய வழக்கம். அடியில் கேக், நடுவில் ஐஸ்கிரீம், மேலே முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்த மெரிங். மெரிங்கை நெருப்பில் காட்டிச் சிவக்கவைத்தாலும் உள்ளே ஐஸ்கிரீம் உருகாது. நுரையில் அடைபட்ட காற்று சூட்டை உள்ளே விடுவதில்லை. 1867இல் அமெரிக்கா ரஷ்யாவிடம் அலாஸ்காவை வாங்கியதை ஒட்டிப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கடைசி இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் கேக்கைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெயிட்டர்கள் ஊர்வலம் வருவது ஒரு காலத்தில் எல்லாக் கப்பலிலும் நடந்தது. தீ பயத்தால் இப்போது பல இடங்களில் பேட்டரி விளக்குதான். ஊர்வலமே இல்லாத கப்பல்களும் இருக்கின்றன.

கீ லைம் பை ஃப்ளோரிடாவின் சொந்தப் பண்டம். 2006இல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வப் பையாகவே அறிவித்தது. சின்ன எலுமிச்சையின் சாறு, கண்டென்ஸ்டு மில்க், முட்டை மஞ்சள்கரு மூன்றும் சேர்ந்து வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையாக வந்தால் நிறம் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெனுவில் ஒவ்வோர் இரவும் ஓரிரு சைவப் பண்டம் இருக்கும், பாஸ்தாவோ காய்கறிச் சுடலோ. இரண்டு நாளில் அலுத்துவிடும். ஆனால் பெரிய நிறுவனங்களில் இந்தியச் சைவச் சாப்பாட்டைச் சொன்னால் செய்து தருகிறார்கள். கப்பல் ஊழியர்களில் கோவா, மும்பைக்காரர்கள் நிறைய. செய்யும் முறை இதுதான்.

முதல் இரவு ஹெட் வெயிட்டரை அழைத்து, "ஏழு நாளும் இந்தியச் சைவம் வேண்டும், முட்டையும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அமெரிக்க வழக்கில் வெஜிடேரியன் என்றால் முட்டை அடங்கும், அதைத் தனியாகச் சொல்லாவிட்டால் கேட்க மாட்டார்கள். வெங்காயம், பூண்டு கூடாதென்றால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும், ஏனென்றால் மசாலா அடித்தளம் மொத்தமாகத் தயாராகிறது, கடைசி நேரத்தில் பிரிக்க முடியாது.

பிறகு ஒவ்வோர் இரவும் எழுந்திருக்கும் முன்பே மறுநாள் சாப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். இதுதான் முக்கியம். அன்றைக்கு அன்றே கேட்டால் பஃபேயில் இருக்கும் பருப்பைத்தான் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். முந்தின நாள் சொன்னால் பனீர், சன்னா, ஆலு கோபி, பாசுமதி சாதம், நான், அப்பளம் என்று தனியாகவே சமைத்து வரும். எல்லாம் வடஇந்தியப் பாணி, காரம் குறைவு. "இந்தியக் காரம்" என்று சொன்னால் கூட்டுவார்கள். தோசை, இட்லி எல்லாக் கப்பலிலும் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். மாவு புளிக்க நேரம் வேண்டும், கேட்டால் அடுத்த நாள் என்று சொல்லும் கப்பலும் உண்டு, கைவிரிக்கும் கப்பலும் உண்டு.

சாதமும் வெறும் தயிரும் எந்த இரவும் கிடைக்கும். "ப்ளைன் யோகர்ட்" என்று சொல்லுங்கள், "ப்ளைன்" விட்டுப்போனால் பழமும் சர்க்கரையும் சேர்ந்தது வந்துவிடும். பெட்டியில் வைத்த ஊறுகாய்க்கு இங்கேதான் வேலை.

பார்வைக்குச் சைவமாக இருந்து உள்ளே அசைவம் மறைந்திருப்பவை பல. பிரெஞ்சு வெங்காய சூப்பின் அடித்தளம் மாட்டெலும்புச் சாறு, அதாவது ஸ்டாக். சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி போன்ற ஆன்கோவி மீன். ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசிப் பண்டமும் மினஸ்ட்ரோனி என்ற காய்கறி சூப்பும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். மெக்சிகோ மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். தாய்லாந்துக் குழம்பில் மீன் சாஸ். ஜெல்லி, மூஸ், மார்ஷ்மெல்லோ ஆகியவற்றில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். உருளைக்கிழங்கு வறுவல்கூடக் கோழி வறுத்த எண்ணெயில் விழுந்திருக்கக்கூடும். பன்றி தவிர்க்கிறவர்கள் பேக்கன், ஹாம், ப்ரஷூட்டோ, பான்செட்டா, சொரிசோ, பெப்பரோனி ஆகிய பெயர்களை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள். திராமிசு, ப்ளாக் ஃபாரஸ்ட் போன்ற இனிப்புகளில் மது இருப்பது வழக்கம். சந்தேகம் வந்தால் "இதில் என்ன ஸ்டாக்?", "ஜெலட்டின் உண்டா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் மேலோட்டமான பதில்தான் கிடைக்கும்.

பஃபேயை எப்படிப் பயன்படுத்துவது

முதலில் கையைச் சோப்புப் போட்டு இருபது நொடி கழுவுங்கள். வாசலில் தரும் ஆல்கஹால் திரவம் மட்டும் போதாது. கப்பல்களில் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கிளப்பும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாகச் சாவதில்லை. பரிமாறும் கரண்டியை நூறு பேர் தொடுகிறார்கள், அதனால் தட்டை நிரப்பிவிட்டு உட்காரும் முன் இன்னொரு தடவை கழுவுவதும் வீணல்ல.

அடுத்து, தட்டை எடுக்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். நீராவிப் பெட்டியில் நேரம் ஆக ஆகக் கெடாதவை குழம்பு, பருப்பு, மசாலாவில் ஊறியவை. கெடுபவை வறுத்தவை, பாஸ்தா, மீன், கிளறிய முட்டை. எனவே குழம்பு வகையை எப்போதும் எடுக்கலாம். வறுத்ததைப் புதுத்தட்டு வந்து வைக்கும்போது மட்டும் எடுங்கள். விதிப்படி சூடானவை 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் குளிர்ந்தவை 5 டிகிரிக்கு மேலேயும் போகக் கூடாது. ஆவி வராத கறியையும் வெதுவெதுப்பான இறால் சாலட்டையும் தொடாதீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சமையலறைகளை அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தேறவில்லை என்று கணக்கு. உங்கள் கப்பலின் மதிப்பெண்ணை இணையத்தில் பார்க்கலாம்.

காலையில் முட்டையை நேரில் உடைத்து ஆம்லெட் போடும் இடத்தில் வரிசையில் நில்லுங்கள். பச்சை மிளகாய் போடச்சொன்னால் போடுவார்கள். கிரிட்ஸ் என்று ஒரு வெள்ளைக் கஞ்சி இருக்கும், மக்காச்சோள ரவையில் செய்தது. வெறுமனே சாப்பிட்டால் ஒன்றுமில்லை. வெண்ணெய், மிளகு, கையில் இருக்கும் இட்லிப் பொடி மூன்றும் சேர்த்தால் சூடான ரவைக் கஞ்சி மாதிரி இறங்கும்.

கப்பல் நாள் முழுக்கக் கடலிலேயே போகும் நாள்களில் காலை உணவுக்கு டைனிங் ரூமுக்குப் போங்கள். ரொட்டிமேல் ஹாமும் முட்டையும் வைத்து வெண்ணெய்ச் சாஸ் ஊற்றும் எக்ஸ் பெனடிக்ட் அங்கேதான் சரியாக வரும், பஃபேயில் மேல்சாஸ் பிரிந்துபோயிருக்கும். பன்றி வேண்டாதவர்கள் "ஃப்ளோரண்டைன்" என்று கேட்டால் இறைச்சிக்குப் பதில் கீரை வைப்பார்கள். அலை பெரிதாக இருந்து தலைசுற்றினால் வெறும் வயிற்றோடு இருக்காமல் பச்சை ஆப்பிள், உப்புப் பிஸ்கட், இஞ்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். க்ரீம், எண்ணெய்ப் பண்டங்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

காசு கொடுத்துச் சாப்பிடும் இடங்கள்

கப்பலிலேயே தனிக் கட்டணம் வாங்கும் உணவகங்களும் உண்டு. முதல் பயணத்தில் ஒரே ஓர் இரவு போதும். போவதானால் முதல் இரவு போங்கள், அல்லது கடலிலேயே கழியும் நாளின் மதியம் போங்கள், விலை குறைவாக இருக்கும். லாப்ஸ்டர் இரவில் மட்டும் போகாதீர்கள்.

தீவில் இறங்கினால்

பசியோடு இறங்குங்கள். ஜமைக்காவில் ஜெர்க் சிக்கன்: பிமெண்டோ என்ற மரத்தின் கட்டையில் புகைபோட்டு வாட்டுவது. அந்த மரத்தின் காயை உலர்த்தினால் அதுதான் ஆல்ஸ்பைஸ் என்ற மசாலா. அதில் சேரும் ஸ்காட்ச் பொன்னெட் மிளகாய் நம் குண்டு மிளகாயைவிடப் பலமடங்கு காரம், சாஸை முதலில் துளி தொட்டுப்பாருங்கள். பஹாமாஸின் நாசோவில் காங்க், அதாவது சங்கின் சதை. மாவில் தோய்த்து வறுத்தது பாதுகாப்பு. எலுமிச்சையில் ஊறவைத்த பச்சைச் சாலட்டை உங்கள் கண்முன் சங்கை உடைத்துச் செய்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து கிளம்பும் தெற்குக் கரீபியன் பயணங்களில் மார்த்தினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகள் வந்தால் "கொலொம்போ" என்ற பெயரைக் கடைப்பலகையில் தேடுங்கள். 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே கப்பலேற்றப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் கொண்டுபோன மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயப் பொடிதான் அங்கே கொலொம்போ. வறுத்த அரிசியும் சிலர் சேர்த்து அரைக்கிறார்கள். குழம்பு என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆட்டுக்கறி கொலொம்போவைச் சாதத்தோடு வாங்கிப் பிசைந்து முதல் வாய் வைக்கும்போது, அது எந்த ஊர்ச் சமையல் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

தீவில் இறங்கும்போது கப்பலிலிருந்து பழம், இறைச்சி, சாண்ட்விச் எடுத்துப்போகக் கூடாது. வேளாண் சோதனையில் பிடித்தால் அபராதம். சீல் உடைக்காத பிஸ்கட் பாக்கெட் பரவாயில்லை.

கடைசி இரவும் மறுநாள் காலையும்

கடைசி இரவு, ஏழு நாளில் எது உங்களுக்கு மிகவும் பிடித்ததோ அதை மறுபடி கேளுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் முந்தின நாளே சொல்லியிருந்தால் பல வெயிட்டர்கள் சமையலறையில் பேசிக் கொண்டுவந்துவிடுவார்கள். நாள்தோறும் ஆளுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர்வரை சன்மானம் கணக்கில் ஏறியிருக்கும், அதில் வெயிட்டருக்கும் பங்கு உண்டு. உங்களுக்கென்று தனியாகச் சமைக்கவைத்தவருக்குக் கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதும், அவர் பெயரைக் கப்பல் அனுப்பும் கருத்துப் படிவத்தில் எழுதுவதும் நியாயம். பெயர் வருவது அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும்.

இறங்கும் நாள் காலை உணவு சீக்கிரமே முடிந்துவிடும், எட்டரை மணிக்கு மேல் பல இடங்களில் கிடைக்காது. ஏழு மணிக்கே டைனிங் ரூமுக்குப் போங்கள், பஃபே அன்றைக்குத்தான் ஆக நெரிசலாக இருக்கும். மீந்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். துறைமுகத்தில் மோப்ப நாய் நிற்கும்.